புதுத்தோட்டத்தில் வண்டியை நிறுத்தும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் வால்பாறைக்குப் போய் மூன்று நாள் தங்கி வந்தோம். அங்கே சாலையில் குரங்குக்குத் தீனி போடப்போய் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பள்ளி விடுமுறைக் கூட்டம் மலையேறும் முன்பே இது அச்சில் வந்தால் நல்லது.

பொள்ளாச்சியிலிருந்து அரசுப் பேருந்தில் போனோம். ஆழியாறு தாண்டியதும் வரும் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் பேரன் பலகை பார்த்து ஒன்றுவிடாமல் எண்ணினான். ஒன்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் பாறைமேல் ஒரு வரையாடு குட்டியோடு நின்றது. நம் மாநில விலங்கை அதுவரை பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்தவன் அவன். பேருந்து அங்கே நிற்கவில்லை. அந்த அரை நிமிடத்தையே ஊர் வரும்வரை பேசிக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலை ஆட்டோ பிடித்துப் புதுத்தோட்டம் போனோம். ஒரு பக்கம் வாரிவிட்ட தலை மாதிரி தேயிலை, இன்னொரு பக்கம் திடீரென்று இருட்டாகக் காடு. அந்தக் காடு மொத்தமாகவே 100 ஹெக்டேர்கூட வராது. 1890களில் தொடங்கித் தோட்டம் போட மலையைத் திருத்தியபோது, தப்பிப் பிழைத்த இப்படிப்பட்ட துண்டுக் காடுகள்தான் அங்கே சிங்கவால் குரங்குக்கு வீடு. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறு எங்கும் இது காட்டில் கிடையாது. கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழ வேண்டியது அது. சாலையைக் கடக்க அதற்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். ஒரு தாய் குட்டியை வயிற்றோடு அணைத்தபடி அதில் நடந்துபோவதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் குரங்குக் கூட்டத்தில் பாதி பாலத்தில் இல்லை. தார்ச்சாலையில் உட்கார்ந்திருந்தது. முன்னால் நின்ற காரிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினார்கள். பேரன் கையில் ஒரு வாழைப்பழம். "பாட்டி, நானும் போடட்டுமா?" என்றான். "போடுடா, பாவம்" என்று சொன்னது நான்தான். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நான்.

அங்கே காவலுக்கு நின்ற ஒருவர் ஓடி வந்தார். "வேண்டாம்மா, தயவுசெய்து போடாதீங்க" என்றார். கோபமே இல்லை. நின்று விளக்கினார். காட்டில் பலாவும் அத்தியும் தேடித் தின்ன வேண்டியது, ரோட்டில் சுலபமாகக் கிடைத்தால் இறங்கி வந்துவிடும். வளைவில் வேகமாக வரும் வண்டியில் அடிபடும். தாயைப் பார்த்துக் குட்டியும் பழகும். அப்புறம் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் கூரை ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கும், தோட்டத்து ஜனங்களுக்கும் அதற்கும் சண்டை. ஒரு தடவைக்கு ஒரே குட்டிதான் போடும், அடுத்ததற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும் என்றார். அப்படியென்றால் ஒன்று செத்தாலும் எவ்வளவு பெரிய நஷ்டம்! பேரன் பழத்தைப் பைக்குள் வைத்துவிட்டான். என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று சாயந்திரம் டீக்கடையில் இன்னொன்று தெரிந்தது. யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று அங்கே ஜனங்களுக்கு செல்போனில் தகவல் வருகிறது. பக்கத்தில் யானை இருந்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. வேலை முடிந்து இருட்டில் நடந்துபோகும் பெண்கள் அதைப் பார்த்துத்தான் காலெடுத்து வைக்கிறார்கள். யானையோடு வாழ அவர்கள் இவ்வளவு பொறுமையாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு நாள் வந்துபோகும் நமக்குப் பழத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ள முடியாதா?

புதுத்தோட்டத்தில் நிற்கும் அந்த ஒருவரால் எத்தனை காரை நோக்கித்தான் ஓட முடியும்? அதனால் கீழேயே சொல்லிவிட வேண்டும். ஆழியாறு சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தும்போது, குரங்குப் படத்தோடு ஒரு சின்னத் துண்டுச்சீட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் கொடுக்கலாம். கேரளத்து வண்டிகளும் நிறைய வருகின்றன. பேருந்து நடத்துநர்கள் புதுத்தோட்டம் வரும் முன்பு ஒரு வார்த்தை சொல்லலாம். விடுதிக்காரர்கள் சாவி கொடுக்கும்போது சொல்லலாம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேரனிடம் நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். வனத்துறையும் போக்குவரத்துத் துறையும் இந்த விடுமுறைக்குள்ளேயே இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தாராபுரம்.