தவளைத் தோல்: நண்பனுக்குப் பதில்

அன்புள்ள நண்பா,

நலம். உன் கடிதம் கிடைத்தது. பதனிட எடுத்த தவளைத் தோல் சுண்ணாம்புத் தொட்டியிலேயே கூழாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். ஆட்டுத்தோல் கணக்கை அப்படியே போட்டிருப்பாய். இதில் உரிக்க மயிர் ஏது? சளியும் மேல்தோலும் கழன்றால் போதும். தோல் எடைக்கு 2% சுண்ணாம்பு, 0.5% சோடியம் சல்பைடு. அவ்வப்போது விரலால் தேய்த்துப் பார். மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்ததும் எடுத்துவிடு.

இன்னொரு எதிரி சூடு. குளிர்ரத்தப் பிராணிகளின் கொலாஜனில், அதாவது தோலின் நார்ப் புரதத்தில், அதைச் சூடு தாங்கவைக்கும் ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலம் பொதுவாகக் குறைவு. அதனால் பதப்படாத தோல் ஆட்டுத்தோலைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கும். தோலைப் பதப்படுத்தும் குரோம் உப்பு ஏறும்வரை எந்தக் குளியலும் 25 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம்.

அம்மோனியம் சல்பேட்டில் சுண்ணாம்பை நீக்கியபின் வெட்டுமுனையில் பினால்ப்தலீன் (காரம் மிச்சமிருந்தால் இளஞ்சிவப்பாகும் சொட்டு) விட்டால் நிறம் வரக்கூடாது. அடுத்து பிக்கிள் என்ற உப்பு-அமிலக் குளியல்: முதலில் 8% உப்பு, பிறகுதான் நீர்த்த அமிலம். வரிசை மாறினால் தோல் உப்பி நார் பிரிந்துவிடும். பி.எச். 2.8-க்கு வந்ததும் நம்பிவிடாதே. பல தவளைகளின் உள்தோலில் கால்சியப் படிவு உண்டு. அது கரையக் கரைய பி.எச். மேலே ஏறும், அமிலம் மறுபடி கேட்கும்.

6% குரோம் பவுடர். வெட்டுமுகம் முழுக்க நீலமானதும் சோடாபைகார்பனேட்டைக் கரைத்து, தவணை தவணையாகவிட்டு பி.எச்.சை 3.8-க்கு உயர்த்து. அவசரப்பட்டால் குரோம் மேலேயே படிந்து தோலின் மேல்முகம் சொரசொரக்கும். கொதிநீரில் 2 நிமிடம் போட்ட துண்டு சுருங்காவிட்டால் சரி. எண்ணெய் ஏற்றுவதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

வலிமைச் சோதனையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐ.எஸ்.ஓ. 3376 என்ற சர்வதேசத் தரமுறையில் இழுவிசையைக் குறுக்குப் பரப்பால் வகுக்கிறோம். 5 மி.மீ. அகலம், 0.3 மி.மீ. தடிமனுள்ள துண்டு 24 நியூட்டனில் அறுந்தால் 16 நியூட்டன்/ச.மி.மீ. அதே துண்டை 0.25 மி.மீ. என்று அளந்துவிட்டால் 19.2 ஆகிவிடும்! தோல் ஒன்றும் கெட்டியாகிவிடவில்லை. தடிமன்மானியின் பாதம் ஒரு மருவின்மேல் உட்கார்ந்தால் தவறு மறுபக்கம் போகும். போதாக்குறைக்கு, சுரப்பிகள் நிறைந்த மேலடுக்கு பஞ்சுபோல. தடிமனைக் கூட்டுமே தவிர பளு தாங்காது. சுமப்பது கீழே அடுக்கடுக்காகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நார்தான்.

ஆகவே, ஐ.எஸ்.ஓ. 3377-2 கிழிசல் சோதனையில் வரும் நியூட்டன் கணக்கையே நான் நம்புவேன். தையல் துளை பிய்வதும் அதுபோன்ற கிழிசல்தானே. தோலுக்குப் பின்னால் பருத்தித் துணி ஒட்டுவதானால் ஒட்டுமுன் ஒருமுறை, ஒட்டியபின் ஒருமுறை சோதி. இல்லாவிட்டால் துணியின் பலம் தோலின் பெயரில் எழுதப்படும்.

அடுத்த கடிதத்தில் கிழிசல் எண்களை முதுகெலும்பு வாக்கு, குறுக்கு வாக்கு என்று பிரித்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்