பெரிய மரங்களை மட்டும் எண்ணினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலைவன மரங்களைப் பற்றிய செய்தி எந்தப் பத்திரிகையில் வந்தாலும் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கிறது. பல நூறு வயதான ஒரு மரம், அதன் பெரிய படம், மொத்தம் இத்தனை ஆயிரம் மரங்கள் மிச்சம் என்று ஒரு கணக்கு. அந்த ஆயிரத்தில் கன்று எத்தனை, நடுவயது மரம் எத்தனை, கிழடு எத்தனை என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது. எல்லாமே முதிர்ந்த மரங்களாக இருக்கும் இடம் பார்வைக்குச் செழிப்பாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் அழிந்துகொண்டிருக்கலாம், ஒவ்வொரு மரமும் நூறு இருநூறு வருடம் நிற்பதால் நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

ஏமனின் சொகோட்ரா தீவைப் பாருங்கள். குடை விரித்தாற்போல் நிற்கும் டிராகன் பிளட் மரங்களைப் படத்தில் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் பெரும்பாலான இடங்களில் அவற்றின் அடியில் கன்று கிடையாது, முளைப்பதை ஆடுகள் தின்றுவிடுகின்றன. இளசுகளைப் பார்க்க வேண்டுமானால் ஆடு ஏற முடியாத செங்குத்துப் பாறைகளில்தான் தேட வேண்டும். 2015 நவம்பரில் சில நாள் இடைவெளியில் இரண்டு புயல்கள் அடித்து மரங்களைச் சாய்த்தன. சாய்ந்தவற்றின் இடத்துக்கு வர அடுத்த தலைமுறை எங்கே?

அமெரிக்காவின் அரிசோனாவில் வளரும் சாகுவாரோ கள்ளியின் கதை இன்னும் தெளிவானது. மரம்போல் உயரும் இந்தக் கள்ளி 150 வருடத்துக்கு மேல் வாழும், ஆனால் முதல் எட்டு வருடத்தில் ஒன்றரை அங்குலம் வளர்ந்தாலே அதிகம், முதல் பூ வர சுமார் 35 வருடம் ஆகும். அந்தச் சின்னக் கன்று வெயிலிலும் பனியிலும் பிழைக்க மேலே ஒரு நிழல் மரம் வேண்டும். டூசான் நகரை ஒட்டிய பகுதியில் அந்த நிழல் மரங்களைச் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகாக வெட்டினார்கள், மிச்சமிருந்த இடத்தில் மாடுகள் மிதித்தன. 1940களில் பெரிய கள்ளிகள் அழுகி விழ ஆரம்பித்ததும் பாக்டீரியா நோய் என்று சொல்லி, நோய் பிடித்தவற்றை வெட்டிப் புதைத்தும் பார்த்தார்கள். கிழட்டுக் கள்ளிகள் சாவது இயல்பு, கீழே கன்று இல்லாததுதான் கோளாறு. மேய்ச்சல் நின்று நிழல் மரங்கள் திரும்பிய பிறகு கன்றுகளும் திரும்பின. ஒரு கள்ளி தன் ஆயுளில் கோடிக்கணக்கில் விதை போடுகிறது, அதில் ஒன்றே ஒன்று பெரிய கள்ளியானால் போதும், எண்ணிக்கை குறையாது. மேய்ச்சல் நடந்த காலத்தில் அந்த ஒன்றுக்குக்கூட நாம் வழிவிடவில்லை என்பதுதான் வேதனை.

சரி, கன்று இல்லாவிட்டால் உடனே அழிவுதானா என்றால் அதுவும் இல்லை. பாலைவனத்தில் வருடாவருடம் கன்று பிழைப்பதில்லை. எப்போதோ நல்ல மழை அடுத்தடுத்து கிடைத்தால் ஒரு கூட்டமே முளைத்து நிலைக்கும், அப்புறம் பல வருடம் ஒன்றும் இருக்காது. அதனால் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மேயும் விலங்கே ஆகாது என்றும் சொல்ல மாட்டேன். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் உள்ள வேல மரங்களுக்கு நெற்றைத் தின்னும் மான்கள் உதவிதான், அவற்றின் வயிற்றுக்குள் போய் வந்த விதையின் கெட்டித் தோல் இளகி எளிதில் முளைக்கும். மேய்ச்சல் அளவு மீறி, நல்ல மழை வந்த காலத்திலும் கன்றுகள் தலைதூக்க முடியாமல் போகும்போதுதான் நிஜமாகவே கவலைப்பட வேண்டும்.

உங்கள் பத்திரிகைக்கு என் வேண்டுகோள் இதுதான். பாலைவன மரங்களைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது கிழட்டு மரத்தின் படத்தோடு கன்றுகளின் கணக்கையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். எங்காவது லட்சம் கன்று நட்டோம் என்று செய்தி வந்தால், பத்து வருடம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன, வேலி போட்டார்களா, நிழல் இருந்ததா என்று திரும்பப் போய்க் கேட்டு அதையும் அதே அளவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்