செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. சாலையோரம் மரக்கன்றுகள் நடப்பட்டன. படிப்பகத்துக்கு அலமாரி வாங்கப்பட்டது.

ஆண்டின் பெரும்பணி நெடுஞ்சாலையின் மரப்பாலத்துக்கு மாற்றாகப் புதிய பாலம் கேட்டதுதான். “இத்தனை காலம் நின்ற பாலம் இன்னும் நிற்காதா?” என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். பதிலை எழுத்தில் வைப்பது என் கடமை. நீருக்குள் முழுதும் மூழ்கிக் கிடக்கும் மரம் எளிதில் உளுத்துப்போவதில்லை. ஈரமும் காற்றும் சேரும் இடத்தில், அதாவது நீர்மட்டம் ஏறி இறங்கும் பகுதியில்தான் தூண் கெடுகிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை வளராது. நம் பாலத்திலோ பலகை இடுக்குகளில் இறங்கும் மழைநீர் உத்தரங்களை உலரவே விடுவதில்லை. கிரியோசோட் என்னும் மரக்காப்பு எண்ணெய் ஊட்டிய தூண் வெளிப்பார்வைக்கு உறுதியாகத் தெரியும். மருந்து எட்டாத நடுப்பகுதி கூடாகியிருக்கும். பொறியாளர் சுத்தியலால் தட்டியபோதே ஒலி மாறியது, துளையிட்டபோது உள்ளே கூடு என்பது உறுதிப்பட்டது. எடை வரம்புப் பலகை வைத்தது அதன் பிறகுதான். இன்று தீயணைப்பு வண்டியும் சுற்றுவழியில் போகிறது; இதற்குமேல் என்ன காரணம் வேண்டும்?

புதிய பாலத்தைப் பக்கத்திலேயே கட்டவும், அதுவரை பழையதில் சிறு வண்டிகளை விடவும் கேட்டிருக்கிறோம். ஆற்றுக்குள் தூண்கள் குறைய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். நெருக்கமான தூண்களில் வெள்ளம் கொண்டுவரும் கிளைகள் சிக்கினால், நீர் அடியில் சுழன்று அடிமண்ணை அரித்துவிடும். பழைய மரத்தை விறகுக்குக் கேட்ட உறுப்பினர்களுக்கு: கிரியோசோட் ஊறிய மரத்தின் புகை நஞ்சு, அடுப்பில் வைக்கக் கூடாது.

பொறியாளர்கள் அளவெடுக்க வந்த நாளில் கரையில் நின்றது தலைவர், பொருளாளர், நான் மட்டுமே. அந்தப் பாலத்தில் தினமும் வண்டி ஓட்டுபவர்கள் ஒருவரும் வரவில்லை. அவர்களில் பலருக்குச் சந்தாவும் நிலுவையில் இருக்கிறது. மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

வரவுக்குள் செலவு அடங்கியது. சிறு இருப்பு உண்டு. கணக்கைப் பொருளாளரிடம் பார்க்கலாம். தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் பொறியாளர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் அணுகுசாலைக்குக் கரையோர நிலம் வேண்டும். அதன் உரிமையாளர்கள் சிலர் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய ஒப்புதல் கடிதங்கள் வராமல் திட்ட வரைபடம் அடுத்த மேசைக்கு நகராது. கடிதத்தின் மாதிரியை அறிக்கையோடு இணைத்திருக்கிறேன். கையெழுத்து வாங்க வீட்டுக்கே வரவும் தயாராக இருக்கிறேன்.

செயலாளர்