ஓமோனைச் சுரப்பது விந்தணு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் உடல்நலப் பக்கத்தில், ஆண் ஓமோனை விந்தணுக்களே சுரக்கின்றன, ஓமோன் கூடினால் விந்தணுவும் கூடும் என்று எழுதப்பட்டிருந்தது. முதற்பாதி பிழை. பிற்பாதியை நம்பி நடப்பவன் கெட்டுப்போவான். முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்துவிட்டு இதைப் பார்த்தும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

விதைக்குள் நூல்போலச் சுருண்டு கிடக்கும் சிறுகுழாய்களில்தான் விந்தணு உண்டாகிறது. ஆண் ஓமோனான தெஸ்தெஸ்திரோனைச் சுரப்பவை அக்குழாய்களின் இடைவெளிகளில் கூட்டம் கூட்டமாக இருக்கும் வேறு கலங்கள். 1850இல் அவற்றை விவரித்த ஜெர்மானியர் ஃபிரான்ஸ் லெய்டிக்கின் பெயரால் லெய்டிக் கலங்கள் என்கிறோம். அவற்றுக்கு மூலப்பொருள் கொலஸ்திரோல். ஆம், அறிக்கையில் அதன் அளவைக் கண்டதும் பொரித்த மீனைத் தள்ளி வைக்கிறோமே, அதே கொலஸ்திரோல்தான். கலத்துக்குள் இருக்கும் இழைமணி என்ற நுண்ணுறுப்புக்குள் புகுந்து வெட்டுப்பட்டு, வெளியே வந்து படிப்படியாக உருமாறி, ஈற்றில் தெஸ்தெஸ்திரோன் ஆகிறது. நாளொன்றுக்குச் சில மில்லிகிராம் மட்டுமே.

இந்த வேலையை ஏவுவது மூளைக்கு அடியில் இருக்கும் கபச்சுரப்பி. அது அனுப்பும் எல்.எச். என்ற ஓமோன் வந்தால்தான் லெய்டிக் கலங்கள் இயங்கும். இரத்தத்தில் தெஸ்தெஸ்திரோன் போதிய அளவு இருப்பதை மூளை உணர்ந்தால் ஏவல் தானாகவே குறையும். ஊசியால் ஏற்றியதா, உடலே சுரந்ததா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை.

என் பழைய மாணவர் ஒருவருக்கு நடந்ததை அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். வெள்ளவத்தையில் இருக்கிறார். மணமாகி மூன்று வருடம், பிள்ளையில்லை. மயூரபதி அம்மனுக்கு நேர்த்தி, கதிர்காமத்துக்கு நேர்த்தி, மருமகளுக்கு ஸ்கான் மேல் ஸ்கான். அவரை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தோளும் புயமுமாக நிற்கிற பிள்ளையிடம் என்ன குறை இருக்கப்போகிறது? ஒரு மாலை இரண்டு அறிக்கைகளுடன் என் வீட்டுக்கு வந்தார். ஒன்றில் தெஸ்தெஸ்திரோன் மேல் எல்லையையும் தாண்டி நின்றது. மற்றதில் விந்தணு எண்ணிக்கை பூச்சியம். "சேர், இதிலே எது பிழை?" என்று கேட்டார்.

இரண்டும் சரிதான். உடற்பயிற்சி நிலையத்தில் யாரோ பழக்கிய தெஸ்தெஸ்திரோன் ஊசியை இரண்டு வருடமாகப் போட்டு வந்திருக்கிறார். விந்தணு வளர விதைக்குள் இருக்கவேண்டிய தெஸ்தெஸ்திரோன், இரத்தத்தில் இருப்பதைப் போலப் பல பத்து மடங்கு. லெய்டிக் கலங்கள் அங்கேயே நின்று சுரந்தால்தான் அந்த அளவு கிட்டும். கையிலோ தொடையிலோ ஏற்றும் ஊசி இரத்தத்தை நிரப்பும், எல்.எச்.ஐ நிறுத்தும், விதையை வற்ற வைக்கும். இரத்த அறிக்கையை மட்டும் பார்த்தவர்கள் அவருக்குக் கைகொடுத்துப் பாராட்டியிருக்கிறார்கள்.

வைத்தியர் தக்க காரணத்துக்காக எழுதிக் கொடுக்கும் தெஸ்தெஸ்திரோனைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. அங்கும் பிள்ளை வேண்டும் என்றிருப்பவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சோதிப்பதானால் காலையில், அதுவும் வெவ்வேறு நாட்களில் இருமுறை இரத்தம் கொடுப்பது முறை. பொழுது சாயச் சாய அளவு இறங்கிவிடும்.

அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுங்கள், அதுவும் கட்டுரை வந்த அதே பக்கத்தில். அந்த மாணவர் ஊசியை நிறுத்தி நான்கு மாதமாகிறது. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாட்கள் வேண்டும். கபச்சுரப்பி விழித்துக்கொள்ள அதற்கு மேலும் ஆகலாம். சிலருக்கு ஒரு வருடமும் கடக்கும். அடுத்த பரிசோதனைக்குத் தை மாதத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தமுறை மனைவியுடன் அவரும் போகிறார்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கொழும்பு 06