கொட்டகைக் கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். குட்டிக்குச் சளி விட்டதா? போனில் எதைத் தொடங்கினாலும் நீ வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய். எனக்கும் பேசும்போது கோர்வையாக வராது. அதனால் எழுதுகிறேன். நேற்று ராயக்கோட்டை மண்டிக்கு இருபது பெட்டி தக்காளி போனது. விலை பரவாயில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு வந்திருந்தபோது முந்தானையைக் கழுத்தோடு இழுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாய். ஒகேனக்கல்லில் தலைமுழுகும்போதுகூட எடுக்கவில்லை. உன் அம்மா ஏதோ கேட்க வந்தாள், நான் கண்ணைக் காட்டித் தடுத்தேன். இப்போதும் அதைக் கேட்கவில்லை.

நீ அனுப்பிய செய்தியை அத்தை என்னிடம் காட்டினாள். பயிற்சிக்கு 15,000 ரூபாய், முடித்தால் வீட்டிலிருந்தே மாதம் 30,000, நமக்குக் கீழே மூன்று பேரைச் சேர்த்தால் கட்டியது திரும்பி வந்துவிடும், இன்று இரவு 12 மணி வரைதான் இந்த விலை. அத்தையைப் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நீயும் இனி ஒரு ரூபாய்கூடக் கட்டாதே.

நீ பி.காம். படித்தவள். சங்கத்துக் கணக்கில் வந்த பிசகை ஒரே பார்வையில் பிடித்தவள் என்று உன் அம்மா இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தக் கண்ணோடு இதையும் பார். மூன்று பேரைச் சேர்த்தால் வருகிற பணம் எங்கிருந்து வருகிறது? அந்த மூன்று பேரிடமிருந்துதானே? பொருளோ வேலையோ விற்று வருவதில்லையே. 1978லேயே இந்தப் பணச்சுழற்சிக்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. சேர்வதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2021ல் வந்த நேரடி விற்பனை விதிகளும் சொல்கின்றன. கம்பெனி பதிவு எண் இருக்கிறது என்று காட்டுவார்கள். பதிவு யார் வேண்டுமானாலும் செய்யலாம். எனக்குக் காட்டியவர்களிடமும் பதிவு இருந்தது.

அவர்களிடம் ஒன்று மட்டும் கேள். "கட்டணத்தை என் முதல் மாத வருமானத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், சம்மதமா?" என்று கேள். போன வருடம் படித்து முடித்த இரண்டு பேருடைய நம்பரை நீயே தேர்ந்தெடுத்துப் பேச விடுவார்களா என்றும் கேள். வீடியோவில் வருகிற ஆட்கள் வேண்டாம். பதில் என்ன வருகிறது என்று பார்.

பயிற்சி வேண்டுமென்றால் மாவட்டத்துக்கு ஒன்று என்று பேங்க் நடத்துகிற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையம் இருக்கிறதே. தையல், கம்ப்யூட்டர் எல்லாம் இலவசம், சாப்பாடும் போடுகிறார்கள். சரி, குட்டியை விட்டுவிட்டுப் போக முடியாது என்பாய். உன் அம்மாவை அங்கே ஒரு மாதம் அனுப்புகிறேன்.

இவ்வளவு சொல்கிறேனே, எனக்கு எப்படித் தெரியும் என்று நீ நினைக்கலாம். பின்னால் இருக்கிற கொட்டகை எதற்குப் போட்டது என்று உனக்குத் தெரியும். 2011ல் ஒரு கம்பெனிக்கு ஒன்றரை லட்சம் கட்டி ஈமு கோழிக் குஞ்சு இறக்கினேன். அவர்களிடமிருந்து மாதாமாதம் 6,000 ரூபாய் சரியாக வந்தது. முதல் பணத்தில் உனக்குக் கொலுசு வாங்கினேன், ஞாபகமிருக்கும். அந்தச் சந்தோஷத்தில் உன் பெரியப்பாவையும் சேர்த்துவிட்டேன். அவரைச் சேர்த்ததற்கு எனக்குக் கமிஷன் கொடுத்தார்கள். இது உன் அம்மாவுக்கே தெரியாது. பெரியப்பா நம் வீட்டு வாசல் மிதிக்காததற்கு வரப்புத் தகராறு காரணமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2012 மே மாதம் உன் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர வேண்டும் என்றாய். தக்காளி விலை விழுந்துவிட்டது, பணமில்லை என்றேன். விலை அப்படி ஒன்றும் விழவில்லை, பாப்பா. உனக்கென்று எடுத்துவைத்திருந்த பணத்தை ஏப்ரலிலேயே இரண்டாவது ஒப்பந்தத்துக்குக் கட்டிவிட்டேன். ஆகஸ்டில் அந்தக் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். தீவனம் வருவது நின்றது. ஆறு பறவையும் வேலி ஓரமாக நின்று, யார் போனாலும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். நீ காலேஜ் பஸ்ஸுக்குப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் போவாய். நான் திண்ணையில் உட்கார்ந்து இரண்டையும் பார்த்துக்கொண்டிருப்பேன். போலீசில் புகார் கொடுக்கவும் போகவில்லை. பெரியப்பா பெயரோடு என் பெயரும் வருமே என்ற வெட்கம். வெட்கப்பட்டே பணத்தையும் விட்டேன், அண்ணனையும் விட்டேன்.

நீ அப்படிச் செய்யாதே. ஏற்கெனவே கட்டியிருந்தால் இன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போடு. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு. பணம் போட்ட விவரம், அவர்கள் பேசியது எதையும் போனில் அழிக்காதே. உன் பேங்க் கணக்கை யாருக்காவது பயன்படுத்தக் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல். மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிவிடு. அவர் நல்லவர். சொல்லத் தயக்கமாக இருந்தால் நான் ஓசூர் வந்து சொல்கிறேன்.

அப்புறம், அடகு ரசீது எங்கேயாவது வைத்திருப்பாய். பத்திரமாக வை. தேதி என்றைக்கு, வட்டியோடு எவ்வளவு என்று மட்டும் அம்மா போனுக்கு அனுப்பு. அடுத்த பறிப்புப் பணம் வெள்ளிக்கிழமை வரும்.

அன்புடன்,
அப்பா