முதுநிலை அறுவைச் சிகிச்சை மாணவர்களுக்குப் படிப்படியாகக் கத்தியைக் கையில் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
எம்.எஸ். பொது அறுவைச் சிகிச்சை மூன்றாம் ஆண்டு மாணவர்,
அரசு மருத்துவக் கல்லூரி

பெறுநர்:
மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநர்,
கீழ்ப்பாக்கம், சென்னை

பொருள்: தனித்து அறுவைச் சிகிச்சை செய்யப் பழக்குவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மா,

வணக்கம். எனக்குப் படிப்பில் இன்னும் ஆறு மாதம்தான் மீதி. அப்புறம் பாண்டு பணிக்கு (படிப்பு முடிந்ததும் அரசு மருத்துவமனையில் செய்ய வேண்டிய கட்டாயப் பணி) ஏதாவதொரு தாலுகா மருத்துவமனைக்குப் போவேன். அங்கே நள்ளிரவில் குடல்வால் வெடித்து ஒருவர் வந்தால், கூப்பிட எனக்கு மேலே ஆள் இருப்பாரா என்பது சந்தேகம்.

எங்கள் லாக்புக்கில், அதாவது அறுவைகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில், நான்கு நிலைகள்: பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது. நான் பெரும்பாலும் இரண்டாவதைத் தாண்டுவதில்லை. லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியாகச் செய்யும் அறுவை) கேமரா பிடிப்பேன், கடைசியில் தோலைத் தைப்பேன். தேர்வு நெருங்கும்போது எல்லாரும் ஒரே இரவில் உட்கார்ந்து ‘தனியாகச் செய்தது’ பக்கத்தை நிரப்புவோம். கையெழுத்தும் மொத்தமாகக் கிடைத்துவிடும். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பேராசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. அன்றன்று செய்ய வேண்டிய அறுவைகளின் லிஸ்ட் நீளம், நோயாளிக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். நானாக இருந்தாலும் கத்தியைத் திரும்ப வாங்கியிருப்பேன்.

ஆனால் டி.ஆர்.பி.க்காக (முதுநிலை மாணவர்களுக்கான மாவட்ட மருத்துவமனைப் பயிற்சி) மாவட்ட மருத்துவமனையில் இருந்த மூன்று மாதம் வேறு மாதிரி. அங்கிருந்த அறுவை மருத்துவர் மூன்று ஹெர்னியா (குடலிறக்கம்) அறுவைகளுக்கு என்னை உதவியாளராக எதிரே நிற்க வைத்தார். நான்காவதற்கு இடம் மாறிக்கொண்டார். ஸ்பெர்மாட்டிக் கார்டை (விதைக்குச் செல்லும் குழாய்கள் அடங்கிய நாண்) தூக்கும்போது என் கை நடுங்கியது. அவர் வேலையை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. “இலியோஇங்குவினல் நரம்பைக் காட்டு, அப்புறம் மெஷ்ஷைத் தை” என்றார். நரம்பைத் தேடிக் காட்டினேன்; பிறகு மெஷ்ஷை, அதாவது ஹெர்னியா இடத்தில் வைக்கும் வலையை, தைத்தேன். முக்கால் மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசி மாதம் அவர் தியேட்டருக்குள்ளேயே இருப்பார், ஆனால் கையுறை போட மாட்டார்.

எந்த ஆண்டு மாணவர் எந்த அறுவையை எந்த நிலை வரை செய்ய வேண்டும் என்று எல்லாக் கல்லூரிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். லாக்புக்கில் நிலையை உடனிருந்த மருத்துவரே, தியேட்டரை விட்டு வெளியே வருமுன் குறித்துக் கையெழுத்திட வேண்டும். வாரத்தில் ஒரு லிஸ்ட்டாவது அவசரமில்லாத பயிற்சி லிஸ்ட்டாக இருக்கட்டும். நோயாளியிடம் சொல்லி, ஒப்புதல் பெற்ற பிறகே. மூத்தவர் இல்லாமல் எங்களிடம் கேஸை விடக் கூடாது என்பதையும் சேருங்கள். பகலில் கிடைக்காத கத்தி, இரவு இரண்டு மணிக்குத் துணையில்லாமல் கிடைப்பதும் உண்டு.

இன்னொன்று, மாதிரிகளில் கைப்பழக்கம் செய்யும் ஸ்கில் லேபை இரவு எட்டு வரை திறந்து வைக்க உத்தரவிடுங்கள். எங்கள் கல்லூரியில் வார்டு வேலை முடியுமுன்பே பூட்டிவிடுகிறார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பதுகூட எங்களில் பலருக்குத் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முதுநிலை மாணவர்