கை சரியாகட்டும், கையெழுத்து அப்புறம்

அன்புள்ள குமரனுக்கு, அப்பா எழுதுவது.

உன் பைக்கில் மோதிய கார்க்காரர் அறுபதாயிரம் தருகிறாராம், வாங்கிக்கொண்டு இனி கோரிக்கை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று நேற்று போனில் கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் விவரமாகப் பேச முடியவில்லை. இப்போது எதிலும் கையெழுத்துப் போடாதே.

உன் தயக்கம் புரிகிறது. பக்கத்து ஊர்க்காரர், நாளைக்கு ஒரு கல்யாணத்தில் முகம் பார்த்தாக வேண்டும். ஆனால் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து தஞ்சாவூர் கோர்ட்டில் எத்தனையோ விபத்து வழக்குக் கட்டுகளைப் பார்த்தவன் நான். வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்து, ஓட்டியவருக்கு லைசென்சும் இருந்தால், விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கட்டப்போவது இன்சூரன்ஸ் கம்பெனிதான், அவர் இல்லை. மூன்றாம் நபர் இன்சூரன்ஸைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதே அதற்காகத்தான். அப்படியிருக்க அவர் கைக்காசை நீட்டுவது எனக்கு உறுத்துகிறது. பாலிசி காலாவதி ஆகியிருக்குமோ? வண்டி நம்பரைப் போட்டு, போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடு.

வெறும் சிராய்ப்பும் உடைந்த இண்டிகேட்டரும் என்றால் நானே வாங்கிக்கொள் என்றிருப்பேன். அதற்கு வக்கீலும் வேண்டாம், வாய்தாவும் வேண்டாம். உனக்கு வலது மணிக்கட்டில் பிளேட் இருக்கிறது. நீ வெல்டர். அந்தக் கை முன்போல் திரும்புமா என்று டாக்டரே இன்னும் சொல்லவில்லை. நிரந்தரக் குறை 10 சதவீதம் என்றே வைத்துக்கொள். மாதம் 20,000 சம்பளம், வருஷத்துக்கு 2,40,000. உன் 28 வயதுக்கு, 2009-ல் சரளா வர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட் வகுத்த அட்டவணைப்படி அந்த வருஷச் சம்பளத்தில் 17 மடங்கு. அதில் 10 சதவீதம் 4,08,000 ரூபாய். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், வலி வேதனை, சம்பளம் இனி உயரக்கூடிய வாய்ப்பு எல்லாம் இதற்கு மேல். டாக்டர் தரும் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்தக் குறை உன் பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று 2010-ல் ராஜ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து எழுதுபவரின் மணிக்கட்டும் வெல்டிங் டார்ச் பிடிப்பவரின் மணிக்கட்டும் ஒன்றாகுமா? 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று நீ எழுதிக் கொடுத்தால், எதிர்த்தரப்பு முதலில் அந்தத் தாளைத்தான் நீட்டும்.

தப்பு யார் மேல் என்பதிலும் தகராறு வரும். மாட்டுப்பொங்கல் அன்று பாபநாசம் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். நெல்லுக்காக நீ வலது பக்கம் ஏறி வந்தாய் என்று அவர் தரப்பு சொல்லும். உன் பங்கும் இருக்கிறது என்று முடிவானால் அந்த அளவுக்குத் தொகையைக் குறைப்பார்கள். போலீஸ் போட்ட வரைபடத்தையும், இடத்தைப் பார்த்து எழுதிய மகஜரையும் வைத்து இதை வாதாட அனுபவமுள்ள ஆள் வேண்டும். காயம் நிலைத்துவிடும் என்றாலோ, தப்பை உன் தலையில் கட்டப் பார்த்தாலோ, பாலிசியில் சந்தேகம் இருந்தாலோ வக்கீலிடம் போய்விடணும். உன் விஷயத்தில் மூன்றுமே இருக்கிறது.

நல்ல வேளை, ஆஸ்பத்திரிக்குப் போனதுமே கார் மோதியது என்று சொன்னாய், விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறியிருக்கிறது. 'பைக்கிலிருந்து விழுந்தார்' என்று ஒரு வரி எழுதியதால் தடுமாறிய வழக்குகள் உண்டு.

வக்கீலைத் தேடி நாம்தான் போக வேண்டும். வார்டுக்கே வந்து ஆள் பிடிப்பவர்களிடம் போகாதே. வருவதில் இத்தனை சதவீதம் எனக்கு என்று ஒரு வக்கீல் பேசுவதைப் பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை, ஃபீஸை முதலிலேயே பேசிவிட வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம், பணம் உன் பேங்க் கணக்குக்கே வரட்டும். ஃபீஸ் கொடுக்க வழியில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு அங்கே இலவச உதவி உண்டு. சமரசம் செய்வதென்றால் லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் செய்யலாம். ஆனால் அங்கே முடித்தால் அப்பீல் கிடையாது, தொகையை யோசித்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாள் குறைவாக இருக்கிறது. 2022 ஏப்ரலில் இருந்து விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம், ஆனி முடியச் சில நாள் இருக்கும்போதே நம் மனு உள்ளே போய்விடணும். நீ குடியிருக்கும் ஓசூர்ப் பக்கமும் போடலாம், விபத்து நடந்த இங்கேயும் போடலாம். சாட்சிகள் இங்கே இருப்பதால் இங்கே போடுவதே சரி என்பது என் எண்ணம், அலைச்சலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில் அத்தனையும், ஆறு மாதச் சம்பளச் சீட்டு, கம்பெனியிலிருந்து லீவு கடிதம், லைசென்ஸ் எல்லாம் எடுத்து வா. எஃப்.ஐ.ஆர். நகலை நான் வாங்கி வைத்துவிட்டேன். திங்கள் காலை வக்கீலைப் பார்க்கப் போகிறோம். அதற்குள் கார்க்காரர் கூப்பிட்டால் மரியாதையாகவே பேசு, அப்பாவிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா